பகுதி சபைக் கூட்டம் வருகிறது: இந்தத் தடவை வாய்க்காலை மட்டும் கேட்போமா?

குளக்கரைவாசி:

எல்லாருக்கும் வணக்கம். இந்த மாதக் கடைசியில் நம்ம வார்டுக்குப் பகுதி சபைக் கூட்டம் (வார்டு மக்கள் உட்கார்ந்து குறைகளைச் சொல்லும் கூட்டம்) என்று நகராட்சி அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். பொங்கல் வேலையில் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள், அதனால் இங்கே எழுதுகிறேன்.

போன கூட்டத்துக்கு மிகச் சிலரே வந்தோம். வந்தவர்கள் ஆளுக்கொரு குறையைச் சொன்னோம். தெருவிளக்கு, நாய்த் தொல்லை, குழாயில் கலங்கலாக வரும் தண்ணீர், ரேஷன் கடை. எல்லாம் நியாயமான குறைகள்தான். ஆனால் ஒன்றுகூடத் தீர்மானமாகப் பதிவாகவில்லை.

இந்தத் தடவை எல்லாருமாகச் சேர்ந்து ஒரே விஷயத்தைக் கேட்போம் என்பது என் வேண்டுகோள். அது வாய்க்கால். கார்த்திகை மழையில் குளக்கரைத் தெரு, மேலத்தெரு, புதிதாக வந்த இரண்டு நகர்கள் எல்லாவற்றிலும் தண்ணீர் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். அதே நாட்களில் நம்ம குளத்தில் பாதிப் படிக்கட்டு வெளியே தெரிந்தது. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர், குளத்துக்குப் போகவேண்டிய தண்ணீர் குளத்துக்குப் போகவில்லை. பெய்த மழையைக் குறை சொல்லிப் பயனில்லை. வழி அடைத்திருக்கிறது.

ஏன் இப்போதே கேட்க வேண்டும் என்றால், வழக்கப்படி மேட்டூரை ஜனவரி 28இல் மூடுவார்கள், ஜூன் 12இல் திறப்பார்கள். இடையில் இருக்கும் மாதங்களில்தான் வாய்க்கால் காய்ந்து கிடக்கும், பொக்லைன் இறங்க முடியும். நகராட்சி பட்ஜெட்டும் மார்ச்சுக்குள் முடிந்துவிடும். நாமோ வருடா வருடம் ஐப்பசியில் தண்ணீர் வாசலுக்கு வந்த பிறகு மனு எழுதுகிறோம். அப்போது அதிகாரி நல்லவராகவே இருந்தாலும் மோட்டார் வைத்து இறைக்கலாம், வேறு ஒன்றும் செய்ய முடியாது. தை மாதத்தில் கேட்டால்தான் வைகாசிக்குள் வேலை நடக்கும்.

என்ன சொல்கிறீர்கள்?

வடக்குத்தெரு:

அண்ணே, நீங்கள் சொல்லும் காரணம் சரி. ஆனால் இந்தக் கூட்டத்தின் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. என் மாமனார் ஊர் ஊராட்சி. அங்கே கிராம சபை ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நாள் குறித்து நடக்கும். இப்போது மார்ச் 22, நவம்பர் 1 என்று இரண்டு நாள் கூடுதலாகச் சேர்ந்திருக்கிறது. ஊரே வந்து உட்காரும், வரவு செலவைப் படிப்பார்கள், சண்டை நடக்கும், தீர்மானம் எழுதுவார்கள். நகரத்தில் அந்தப் பழக்கமே கிடையாது. பத்துப் பேர் சேர்ந்து திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுப்போம். முதல்வர் உதவி எண் 1100க்கும் போன் போடுவோம். அதிலாவது மனு எண் கிடைக்கும், என்ன ஆயிற்று என்று பின்னால் கேட்கலாம். அதற்கும் அசையவில்லை என்றால் மறியல்தான் வழி.

ஓய்வாசிரியர்:

வடக்குத்தெரு தம்பிக்கு: மனு எண் வேண்டும் என்று நீங்கள் நினைப்பது சரி. அதையும் செய்யலாம். ஆனால் பகுதி சபையை ஒதுக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அது சும்மா கிடைத்த இடம் இல்லை.

1992இல் கொண்டுவந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் வார்டு குழுக்கள் கட்டாயம் என்று சொன்னது 3 லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள ஊர்களுக்கு மட்டும். நம்மைப் போன்ற டெல்டா நகராட்சிகள் அந்தக் கணக்கிலேயே வரவில்லை. தமிழ்நாடு அரசு 2022இல் வார்டு குழு, பகுதி சபை விதிகளைக் கொண்டுவந்த பிறகுதான் நகராட்சி, பேரூராட்சி மக்களுக்கும் உட்கார்ந்து பேச ஓர் இடம் வந்தது. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று முதல் கூட்டங்கள் நடந்தன. கிராம சபைக்கு 1994ஆம் வருடச் சட்டத்திலிருந்தே பழக்கம் இருக்கிறது. நமக்கு இப்போதுதான் ஆரம்பம். கிராமத்தில் ஊரே வந்து உட்காருகிறது என்றால் அது ஒரே நாளில் வந்த பழக்கம் இல்லை.

பகுதி சபையால் என்ன செய்ய முடியும் என்றால், எந்த வேலை முதலில் என்று முன்னுரிமை சொல்லலாம். விளக்கு, குடிநீர்க் குழாய், பொதுக் கழிப்பிடம் எங்கே குறை என்று சுட்டிக் காட்டலாம். அந்தப் பரிந்துரை வார்டு குழுவுக்குப் போகும். வார்டு குழுவுக்குத் தலைவர் நம்ம கவுன்சிலர். அவர் நகர்மன்றத்தில் எழுந்து நின்று "என் வார்டு மக்கள் எழுத்தில் இதைக் கேட்டிருக்கிறார்கள்" என்று சொல்லும்போது அதற்கு ஒரு கனம் இருக்கிறது. தனி ஆளாக நாம் கொடுக்கும் மனுவுக்கு அந்தக் கனம் இல்லை.

ஒன்றே ஒன்று. வாயால் சொல்லிவிட்டு வரக்கூடாது. எழுதிக் கொண்டு போய், கூட்டப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லி, கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.

மேலத்தெரு மருமகள்:

சார் சொன்னது நன்றாகப் புரிந்தது. நானும் ஒன்று சொல்ல வேண்டும். போன கூட்டம் வேலைநாளில் காலை 11 மணிக்கு வைத்தார்கள். அந்த நேரத்தில் எந்தப் பெண் வருவாள்? வேலைக்குப் போகிறவள் வேலையில் இருப்பாள், வீட்டில் இருப்பவள் அடுப்படியில் இருப்பாள். தண்ணீர் வீட்டுக்குள் வந்தால் இரவெல்லாம் வாளியால் இறைப்பது நாங்கள்தான். மாலை 5 மணிக்கு மேல் வைக்கச் சொல்லி முதலிலேயே கேளுங்கள்.

இன்னொன்று, நம்ம கவுன்சிலர் ஒரு பெண். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016இல் சட்டம் வந்ததால்தான் இத்தனை பெண்கள் மன்றத்தில் உட்கார முடிந்தது. கூட்டத்தில் அவர்களையே பார்த்துப் பேசுவோம், அவர்களே பதில் சொல்லட்டும். பக்கத்தில் நிற்கும் வீட்டுக்காரரைப் பார்த்து நாமே கேள்வி கேட்டுப் பழக்கிவிட்டோம். நான் தனியாக அவர்களிடம் பேசியிருக்கிறேன், எந்தத் தெருவில் எந்தக் குழாய் உடைந்தது என்பது வரை தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

வாய்க்காலோடு சாலை உயரத்தையும் சேர்க்க வேண்டும். மேலத்தெருவில் ரோடு மேல் ரோடு போட்டு, இப்போது பழைய வீடுகளின் திண்ணைக்கு இரண்டாவது படி வரை ரோடு வந்துவிட்டது. முன்பு தெருவிலிருந்து ஏறி வீட்டுக்குள் போனோம், இப்போது இறங்கிப் போகிறோம். பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளரே உத்தரவு போட்டிருக்கிறார். அடுத்த முறை ஒப்பந்தக்காரர் வரும்போது தெருவில் யாராவது ஒருவர் அந்த உத்தரவைக் காட்டி நிறுத்தினால் போதும்.

நில அளவை:

நான் அளவைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். யாருடைய வாய்க்கால் என்று தெரியாமல் மனு எழுதினால் மனு ஊரைச் சுற்றி வரும். நீர்வளத்துறை நகராட்சியைக் கை காட்டும், நகராட்சி அறநிலையத்துறையைக் கை காட்டும், இப்படியே ஒரு வருடம் போய்விடும்.

டெல்டாவில் ஆற்றிலிருந்து பிரியும் ஏ, பி பிரிவு வாய்க்கால்களை நீர்வளத்துறை பார்க்கிறது. அதிலிருந்து வயலுக்கும் குளத்துக்கும் பிரியும் சி, டி வாய்க்கால்களை உள்ளாட்சியும் பாசனக்காரர்களும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். நம்ம குளத்துக்கு வருவது சின்ன வாய்க்கால். வயல் இருந்த காலத்தில் விவசாயிகளே மண்வெட்டியோடு இறங்கி வெட்டினார்கள். வயல் மனையான பிறகு வெட்டுவதற்கு ஆளில்லை. வாய்க்கால் மட்டும் காகிதத்தில் அப்படியே இருக்கிறது.

குளம் கோயில் பெயரில் இருக்கிறது. அதில் எந்த வேலை செய்தாலும் செயல் அலுவலர் அனுமதி வேண்டும். தாலுகா அலுவலகத்தில் நகர அளவைப் பதிவேடும் புல வரைபடமும் கேளுங்கள். நிலம் யார் பெயரில், என்ன வகை என்று எழுதியிருக்கும் 'அ' பதிவேட்டை இணையத்திலேயே பார்க்கலாம். வாய்க்கால் எந்த அளவை எண்ணில் தொடங்கி எந்த எண்ணில் முடிகிறது, எவ்வளவு அகலம், வகைப்பாடு என்ன என்பதை மூன்று வரியில் எழுதி மனுவின் தலையில் வையுங்கள். "எங்கள் தெருவில் தண்ணீர் நிற்கிறது" என்று எழுதினால் படித்துவிட்டு வைத்துவிடுவார்கள். அளவை எண் போட்டு எழுதினால் அதற்கு ஒருவர் பதில் எழுதியே ஆக வேண்டும்.

கடைத்தெரு:

வரைபடம் எடுத்தால் முதலில் தெரியப்போவது ஆக்கிரமிப்புதான். வாய்க்கால் கரையில் இருக்கும் வீடுகளை எடுக்காமல் எவ்வளவு தூர்வாரினாலும் வீண். நீர்நிலைகளைப் பாதுகாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001லேயே சொல்லிவிட்டது. 1905ஆம் வருடத்து நில ஆக்கிரமிப்புச் சட்டம் இருக்கிறது, 2007இல் ஏரி குளங்களுக்கென்றே ஒரு சட்டம் வந்தது. இதையெல்லாம் வைத்துக்கொண்டு எத்தனை நாள் பேசிக்கொண்டே இருப்பது? கூட்டத்தில் அதைத்தான் முதல் தீர்மானமாகப் போட வேண்டும்.

வாய்க்கால்கரை:

நான் அந்தக் கரை வீட்டில்தான் பிறந்தேன். என் தாத்தா காலத்தில் கீழத்தெருப் பண்ணையில் வேலை பார்த்தவர்களுக்கு ஊருக்குள் இடம் கிடைக்கவில்லை, அதனால் கரையில் குடிசை போட்டார்கள். இன்று எங்களுக்கு மின் இணைப்பு இருக்கிறது, வீட்டு வரி ரசீது இருக்கிறது, ரேஷன் அட்டை அந்த முகவரியில் இருக்கிறது. மழை வந்தால் முதலில் மூழ்குவதும் எங்கள் வீடுதான், மேலத்தெருவுக்குத் தண்ணீர் வருவதற்கு முன்னால் எங்கள் வீட்டுக்குள் வந்துவிடும். அந்த வாய்க்கால் ஓட வேண்டும் என்ற ஆசை எங்களைவிட யாருக்கு அதிகம் இருக்கும்?

கடைத்தெரு அண்ணனிடம் ஒன்று கேட்கிறேன். கடைத்தெருவில் இரண்டு பக்கமும் சாக்கடை மேல் கான்கிரீட் பலகை போட்டு, அதன் மேல் படி கட்டி, படிக்கு மேல் சாமான் அடுக்கியிருக்கிறார்கள். அடியில் குச்சி விட்டுக் குத்தக்கூட இடம் இல்லை. அதுவும் ஆக்கிரமிப்புதான் இல்லையா? ஆக்கிரமிப்பு என்றதும் எங்கள் கூரை மட்டும் ஏன் கண்ணில் படுகிறது?

எடுக்கத்தான் வேண்டும் என்று முடிவானால் மாற்று இடம் கொடுத்துவிட்டு எடுக்கட்டும். நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எதற்கு இருக்கிறது? ஆனால் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்தையும் நாங்கள் வேலைக்குப் போகும் இடத்தையும் விட்டுப் பத்து மைல் தள்ளி அனுப்பாதீர்கள்.

கடைத்தெரு:

தம்பி, கடை முன்னால் இருக்கும் பலகைகளைப் பற்றி நீங்கள் சொன்னது நியாயம். என் கடை வாசலிலும் இருக்கிறது. எல்லாருக்கும் ஒரே அளவுகோல் என்றால் எடுத்துவிடத் தயார், வியாபாரிகளிடமும் பேசுகிறேன். ஆனால் வாய்க்காலின் அகலம் வாய்க்காலுக்குத் திரும்ப வேண்டும் என்பதில் நான் மாறவில்லை.

ஓய்வாசிரியர்:

இரண்டு பேரும் மனம் திறந்து பேசியதற்கு நன்றி. எனக்கு ஒரு யோசனை. தண்ணீர் எந்த இடத்தில் நிற்கிறது என்று யாரும் இன்னும் பார்க்கவில்லை. பார்க்காமலே வீட்டை இடி, பலகையை எடு என்று பேசிக்கொண்டிருக்கிறோம். இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆற்று மதகிலிருந்து குளம் வரையிலும், குளத்திலிருந்து வடிகால் வரையிலும் நடந்து பார்ப்போம். அளவை ஐயா கூட வந்தால் நல்லது. வாய்க்கால்கரைத் தம்பியும் கடைத்தெருக்காரரும் கண்டிப்பாக வர வேண்டும்.

கடைமடை:

நான் உங்கள் வார்டு இல்லை. உங்கள் ஊர் வடிகால் வந்து விழும் இடத்தில் மூன்று ஏக்கர் சம்பா வைத்திருக்கிறேன். உங்களுக்குச் சங்கடமாக இருந்தாலும் சொல்கிறேன். நீங்கள் தெருவில் நிற்கும் தண்ணீரைத் தள்ளிவிடுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். தள்ளினால் அது எங்கள் வயலுக்குத்தான் வரும். கதிர் வரும் நேரத்தில் நாலு நாள் மூழ்கினால் அந்தப் பயிர் போச்சு. போதாததற்கு அதோடு நெகிழிப் பையும் மருத்துவமனைக் கழிவும் சேர்ந்து வருகிறது. களை பறிக்கும் பெண்களுக்குக் காலில் ஊசி குத்தியிருக்கிறது.

டெல்டாவில் நிலத்துக்குச் சரிவே மிகக் குறைவு. அதனால்தான் முன்னோர்கள் ஊருக்கு ஊர் குளம் வெட்டி, மழைத் தண்ணீரை முதலில் குளத்தில் நிறுத்தி, மிஞ்சியதை வடிகாலில் விட்டார்கள். குளம் வாங்கிக்கொண்டால் எங்களுக்கு வரும் தண்ணீர் மெதுவாக வரும், பயிர் தாங்கும். ஆகவே உங்கள் தீர்மானத்தில் தெருவிலிருந்து தண்ணீரை வடிப்பது என்று எழுதுவதற்கு முன்னால் குளத்தை நிரப்புவது என்று எழுதுங்கள். பிறகுதான் வடிகால்.

குளக்கரைவாசி:

கடைமடை ஐயா, மிக்க நன்றி. நாங்கள் யாருமே யோசிக்காத பக்கம் இது. அப்படியே எழுதுகிறோம். ஞாயிற்றுக்கிழமை நீங்களும் வந்தால் வடிகால் முடியும் இடத்திலிருந்து தொடங்கலாம்.

தஞ்சாவூர்க்காரன்:

குளம் நிரம்புவதைப் பற்றிப் பேச்சு வந்ததால் எங்கள் ஊர்க் கதை ஒன்று. தஞ்சாவூரில் சிவகங்கைக் குளத்திலிருந்து அய்யன்குளத்துக்குத் தரைக்கு அடியில் நீர்வழி இருந்தது. மண் மூடி, ஊரே மறந்துவிட்டது. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் அய்யன்குளத்தைச் சீரமைத்தபோது அந்தப் பழைய வழியைத் தேடிக் கண்டுபிடித்துத் திறந்தார்கள். நான் சின்ன வயதில் குப்பை கொட்டிக் கிடந்த பள்ளமாகத்தான் அந்தக் குளத்தைப் பார்த்திருக்கிறேன். அழகுபடுத்துவதற்கு நடைபாதை, விளக்கு, பெஞ்சு எல்லாம் போடலாம், ஆனால் வரத்து வழி திறக்காவிட்டால் எல்லாம் வெறும் ஒப்பனை. உங்கள் மனுவில் வரத்து வாய்க்காலையும் குளத்தையும் தனித்தனி வேலையாகப் பிரிக்க விடாதீர்கள். பிரித்தால் குளத்தைச் சுற்றி டைல்ஸ் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்பார்கள்.

சிங்கப்பூரிலிருந்து:

நானும் குளக்கரைத் தெருப் பையன்தான். இங்கே நாங்கள் நம்ம ஊர்க்காரர்கள் சில பேர் சேர்ந்து பணம் போடத் தயாராக இருக்கிறோம். குளத்தைத் தூர்வாரிப் படிக்கட்டு கட்டித் தருகிறோம், யாரிடம் அனுப்ப வேண்டும் என்று சொல்லுங்கள்.

நில அளவை:

தம்பி, நல்ல மனசு. ஆனால் தனி ஆள் கணக்குக்குப் பணம் அனுப்ப வேண்டாம். நமக்கு நாமே திட்டம் இருக்கிறது. 1997இல் வந்தது, நடுவில் வேறு பெயரில் இருந்தது, 2021இல் மறுபடி தொடங்கினார்கள். மக்கள் தங்கள் பங்கைக் கட்டினால் மீதியை அரசு போடும். பணம் நகராட்சி வழியாகப் போகும், மதிப்பீடு போடுவார்கள், ரசீது இருக்கும். நாமே ஆளை விட்டுக் கோயில் குளத்தை வெட்டினால் அறநிலையத்துறை கேள்வி கேட்கும், அதோடு குளத்து மண் எங்கே போனது என்று ஊரில் சண்டை வரும். மண்ணை எடுக்க அனுமதி வாங்காமல் எத்தனை நல்ல வேலை வழக்கில் போய் நின்றிருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

தூய்மைப்பணியாளர் வீட்டுப் பிள்ளை:

ஒரு வார்த்தை. வாய்க்கால் அடைத்தால் கடைசியில் அதற்குள் இறங்குவது எங்கள் அப்பா மாதிரி ஆட்கள். பொக்லைன் போகாத சந்துகளில் இன்றும் கையால் வாருகிறார்கள். கையுறை பாதி நாள் கிழிந்திருக்கும். இந்த வார்டில் அப்பா வாரும்போது வருவதில் பாதி வாழை இலையும் தண்ணீர் பாட்டிலும். முகூர்த்த நாள் முடிந்த மறுநாள் வந்து பாருங்கள். வாய்க்காலை ஒட்டிய மண்டபங்களின் பின்பக்கக் கதவு நேராக வாய்க்காலுக்குள் திறக்கிறது. ஒரு நாளைக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை வரும் இடங்கள் தங்கள் குப்பையைத் தாங்களே பிரித்துக் கையாள வேண்டும் என்று திடக்கழிவு விதிகளில் இருக்கிறது. அதைக் கேட்க ஒருவரும் முன்வருவதில்லை, ஏனென்றால் எல்லார் வீட்டுக் கல்யாணமும் அங்கேதான் நடக்கிறது.

உடைந்த கண்ணாடியைத் தாளில் சுற்றிக் கொடுங்கள். நாப்கினைத் தனியாகக் கட்டிக் கொடுங்கள். இதற்குக் கூட்டமோ தீர்மானமோ தேவையில்லை. தீர்மானத்தில் ஒன்று மட்டும் சேருங்கள்: தூர்வாரும் வேலையில் யாரையும் காலுறை, கையுறை இல்லாமல் இறக்கக் கூடாது.

மேலத்தெரு மருமகள்:

தம்பி, படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. நீங்கள் சொன்ன வரியே தீர்மானத்தில் முதல் வரியாக இருக்கட்டும் என்று நான் முன்மொழிகிறேன். மண்டபத்துக்காரர்களிடம் நாங்கள் சுய உதவிக் குழுப் பெண்கள் நேரில் போய்ப் பேசுகிறோம். எங்கள் வீட்டு வளைகாப்பையும் சீமந்தத்தையும் அங்கேதானே வைக்கிறோம், எங்கள் பேச்சைக் கேட்பார்கள்.

அப்புறம் கொசு. சாக்கடையில் பெருகும் கொசு வேறு, டெங்கு பரப்பும் ஏடிஸ் வேறு. ஏடிஸ் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், ஒரு வாரம் பத்து நாளில் பறக்கத் தொடங்கிவிடும். வாய்க்கால் சுத்தமானால் டெங்கு போய்விடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். மாடியில் கிடக்கும் தேங்காய் ஓட்டையும் பழைய டயரையும் வாரம் ஒரு முறை கவிழ்த்துவிட வேண்டியது நம்ம வேலை. பார்க்க வரும் பணியாளர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பாதீர்கள்.

வாய்க்கால்கரை:

ஞாயிற்றுக்கிழமை நடந்து பார்த்துவிட்டு வந்தோம். வராதவர்களுக்காக எழுதுகிறேன்.

மதகிலிருந்து எங்கள் கரை வரை வாய்க்காலில் ஆகாயத்தாமரையும் கோரையும்தான். அகலம் குறைந்திருக்கிறது, ஆனால் தண்ணீர் போகும். எங்கள் வீடுகள் இருக்கும் பகுதியில் வரைபடத்தில் உள்ள அகலத்தில் பாதிக்கு மேல் இன்னும் திறந்தே இருக்கிறது. அளவை ஐயா நாடா பிடித்துக் காட்டினார். தண்ணீர் முழுதாக நிற்பது அதற்கு அடுத்து, குளக்கரைத் தெருவைக் கடக்கும் சிறுபாலத்தில். ரோட்டை உயர்த்தியபோது பழைய செங்கல் வளைவை எடுத்துவிட்டுச் சிமெண்டுக் குழாய் வைத்திருக்கிறார்கள். அந்தக் குழாயின் அடிமட்டம் வாய்க்காலின் தரையைவிட அரை அடிக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. அரை அடி தண்ணீர் தேங்கி நின்ற பிறகுதான் குழாய்க்குள்ளேயே நுழையும். அதற்குள் மண் படிந்துவிடுகிறது. குழாயின் மறுபக்கம் குளம் காய்ந்து கிடக்கிறது, இந்தப் பக்கம் தெரு மூழ்குகிறது.

இரண்டாவது இடம் கடைத்தெருவின் பின்பக்கம், வடிகால் சேரும் முனை. மேலே பலகை, உள்ளே இறுகிப் போன மண்.

கடைத்தெரு:

தம்பி எழுதியது முழுக்க உண்மை, நான் கண்ணால் பார்த்தேன். கரை வீடுகளை எடுத்தாலும் அந்தச் சிறுபாலம் அப்படியே இருந்தால் ஒரு சொட்டுக்கூடக் கூடுதலாகப் போகாது. முதல் தீர்மானம் சிறுபாலத்தைப் பற்றியே இருக்கட்டும். எங்கள் முனையில் இருக்கும் பலகைகளை மாசி மாதத்துக்குள் எடுத்துத் தூக்குகிற மாதிரி மூடி போடச் சம்மதம் என்று ஆறு கடைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். மீதிப் பேரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். அகலத்தைப் பற்றிய பேச்சை மாற்று இடத்தோடு சேர்த்துத் தனியாக வைத்துக்கொள்வோம்.

குளக்கரைவாசி:

தீர்மான வரைவு. திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

"தூர்வாரும் பணியில் ஈடுபடும் எவரும் பாதுகாப்புக் கவசமின்றி இறக்கப்படக் கூடாது. குளக்கரைத் தெருச் சிறுபாலத்தின் குழாய் வாய்க்காலின் தரைமட்டத்துக்கு இறக்கி அமைக்கப்பட வேண்டும். மதகு முதல் குளம் வரை வரத்து வாய்க்காலும், குளம் முதல் வெளி வடிகால் வரை போக்குக் கால்வாயும் ஒரே பணியாக, மே மாத இறுதிக்குள் தூர்வாரப்பட வேண்டும். மழை நீர் முதலில் குளத்துக்கும், மிகுதி மட்டும் வடிகாலுக்கும் செல்லும்படி மதகு அமைய வேண்டும். இனி இவ்வார்டில் பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் புதிய சாலை போடக் கூடாது. பகுதி சபைக் கூட்டம் மாலை வேளையில் நடத்தப்பட வேண்டும்."

அளவை எண்களை மேலே எழுதி, புல வரைபட நகலையும் சிறுபாலத்தின் படத்தையும் இணைக்கிறோம்.

வடக்குத்தெரு:

இப்போது எனக்கும் கூட்டத்துக்கு வரத் தோன்றுகிறது. கையெழுத்து வாங்கும் வேலையை என்னிடம் விடுங்கள். வடக்குத்தெருவில் வீடு வீடாகப் போகிறேன். ஆனால் இதே மனுவின் நகலைத் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்திலும் கொடுத்துவிடுவோம். இரண்டு பக்கமும் எண் இருக்கட்டும்.

மேலத்தெரு மருமகள்:

கூட்டம் நேற்று முடிந்தது. இந்த முறை மாலையில்தான் வைத்தார்கள், கவுன்சிலர் அக்கா பேசி மாற்றியிருக்கிறார்கள். சமுதாயக் கூடத்தில் உட்கார இடமில்லாமல் வெளியிலும் நின்றோம். பாதிக்கு மேல் பெண்கள். அக்காவே தலைமை தாங்கி, வரைவை முழுதாக வாசித்து, ஒவ்வொரு வரிக்கும் கை தூக்கச் சொன்னார்கள். சாலை உயரத்தைப் பற்றி மட்டும் உதவிப் பொறியாளர் தயங்கினார், உத்தரவு நகலைக் கொடுத்ததும் வாங்கி வைத்துக்கொண்டார். சிறுபாலத்தை அளந்துவிட்டு மதிப்பீடு போடுவதாகச் சொல்லிப் பதிவேட்டில் எழுதியிருக்கிறார்கள். தீர்மானம் கையெழுத்தாகிவிட்டது.

நில அளவை:

மகிழ்ச்சி. இனிதான் கவனம் வேண்டும். பதிவேட்டின் நகலை இப்போதே கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் நகராட்சிப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதலாம். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். கேள்வியைச் சுருக்கமாகக் கேளுங்கள்: தீர்மானத்தின் நகல், சிறுபாலத்தின் மதிப்பீட்டு நகல், பட்ஜெட்டில் எந்தத் தலைப்பில் எவ்வளவு ஒதுக்கப்பட்டது. "ஏன் செய்யவில்லை" என்று கேட்டால் பதில் வராது. ஆவணத்தைக் கேட்டால் கொடுத்தாக வேண்டும்.

பிப்ரவரி கடைசிக்குள் மதிப்பீடு போகாவிட்டால் மார்ச் பட்ஜெட்டில் இடம் கிடைக்காது. அதை மட்டும் யாராவது ஒருவர் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

வடக்குத்தெரு:

அந்த வேலை என்னுடையது ஐயா. நகராட்சி அலுவலகம் என் கடைக்கு எதிர்த் தெருவில்தான் இருக்கிறது, வாரம் ஒரு முறை எட்டிப் பார்த்துவிடுகிறேன்.

வாய்க்கால்கரை:

புதன்கிழமை காலை பொறியாளர் சிறுபாலத்தை அளக்க வருகிறார் என்று கவுன்சிலர் அக்கா போன் செய்தார்கள். அளவை ஐயா, அந்த நேரம் நீங்கள் இருந்தால் நல்லது. குழாய்க்குள் படிந்த மண்ணை முந்தின நாள் நாங்களே வாரி வைத்துவிடுகிறோம், அடிமட்டம் தெரிந்தால்தான் சரியாக அளக்க முடியும். கையுறை நாலு ஜோடி வேண்டும்.

கடைத்தெரு:

கையுறையும் முழங்கால் பூட்ஸும் என் கடையில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை காலையில் கொண்டு வருகிறேன், நானும் இறங்குகிறேன்.